தும்புத்தடி முதலாளியின் பதினொரு கட்டுகள்

போன மாதம் ஒரு காலை, தேநீரை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தபோது அனுஷா தொலைபேசியில் அழைத்தாள். நான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த ஆவணக் காப்பகத்தில் இப்போது வேலை பார்க்கிற பெண். மொன்றியலிலேயே பிறந்தவள். தமிழ் நன்றாகக் கதைப்பாள். வாசிப்பதென்றால் கொஞ்சம் திண்டாடுவாள். பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் கட்டடத்தை மூடிவிட்டு, பெட்டிகளையெல்லாம் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்துக்கு ஏற்றுகிறார்களாம். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு தாளையும் படம் பிடித்துக் கொம்பியூட்டரில் போடுகிறார்கள்.

"அங்கிள், ஒன்பதாம் பெட்டிக்குள்ள ஒரு தமிழ்ப் பேப்பர் கிடக்கு. பென்சிலால எழுதினது. கீழ உங்கட பேர். இதையும் ஸ்கான் பண்ணுறதோ, இல்லாட்டி ஆரோ மறந்து வச்சதோ?"

"ஒருத்தரும் மறக்கேல்லைப் பிள்ளை. அது அந்தப் பெட்டிக்கு உரியதுதான். ஸ்கான் பண்ணுங்கோ."

"என்ன எழுதியிருக்கு?"

"நான் செய்த மடத்தனமான விசர்வேலை எழுதியிருக்கு."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, முழுக் கதையையும் எழுதித் தரும்படி கேட்டாள். இவளுக்குத்தான் வாசிக்க வராதே என்று நினைத்தேன். "நீங்கள் எழுதுங்கோ, அம்மா எனக்கு வாசிச்சுக் காட்டுவா" என்று அதற்கும் வழி சொன்னாள். ஓய்வு பெற்றவனிடம் எழுதச் சொல்லிக் கேட்பது, சும்மா கிடந்த சங்கை எடுத்து ஊதச் சொல்வது மாதிரி. உடனே உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு வாழ்க்கையில் இரண்டு முதலாளிகள். ஒருவர் யாழ்ப்பாணத்தில் புடவைக்கடை வைத்திருந்தவர். பதினெட்டு வயதிலிருந்து அவரிடம் பத்து வருடம் நின்றேன். வேட்டியின் கரை ஒரு நூல் பிசகி மடித்திருந்தாலும் முழு அடுக்கையும் கீழே தள்ளிவிட்டு, "திரும்ப அடுக்கு" என்பார். துணியை மடிப்பது, அடுக்குவது, சாயம் போகுமா போகாதா என்று விரலால் தேய்த்துச் சொல்வது, இவ்வளவும் அவரிடம் கற்றவை. மற்ற முதலாளி, காப்பகத்தில் நான் பார்த்த பெட்டிகளின் சொந்தக்காரர். நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் இறந்து நூறு வருடத்துக்கு மேலாகியிருந்தது. சம்பள உயர்வு கேட்க முடியாது என்பதைத் தவிர அவரிடம் ஒரு குறையும் இல்லை.

அவர் அமெரிக்கர். வெர்மான்ட் பக்கத்துக் கிராமத்துப் பொடியன். பத்தொன்பது வயதில், ஒரு பனிச்சறுக்கு வண்டி நிறையத் தும்புத்தடிகளை ஏற்றிக்கொண்டு, உறைந்த ஏரிகளின் மேலாக மொன்றியலுக்கு வந்து சேர்ந்தார். கூட்டுகிற தும்புத்தடிதான். ஒரு வாரத்தில் அவ்வளவும் விற்றுப்போயிற்று. ஊருக்குத் திரும்புவதற்கு வைத்திருந்த காசில் ஆணிகள் வாங்கினார். ஆணி விற்ற காசில் கோடரி, கோடரி விற்ற காசில் விளக்குக்கு ஊற்றும் எண்ணெய், அதன்பிறகு தேயிலை. முப்பத்தைந்து வயதில் துறைமுகத் தெருவில் மூன்று மாடிக் கடை. கீழ்மாடியில் இரும்பு, நடுவில் மளிகை, மேல்மாடியில் துணி.

வங்கிக்காரரானது தற்செயல். அவரிடம் பெரிய இரும்புப்பெட்டி ஒன்று இருந்தது. சந்தைக்கு விளைச்சல் கொண்டுவரும் கமக்காரர்கள், "முதலாளி, இதை அதுக்குள்ள வச்சிருங்கோ, பேந்து வந்து எடுக்கிறன்" என்ற மாதிரி ஏதோ பிரெஞ்சில் சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கொடுத்தவர்கள் கூடிக்கொண்டு போக, நாலு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு வங்கியையே தொடங்கிவிட்டார். ஒருமுறை அந்த வங்கி முறியப்போகிறது என்று வதந்தி பரவி, தெரு முட்டச் சனம் வந்து நின்றதாம். முதலாளி கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு தும்புத்தடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வாசற்படியை மேலிருந்து கீழாக ஆறுதலாகக் கூட்டத் தொடங்கினார். ஓடிப்போகிறவன் வாசல் கூட்டுவானா என்று பாதிச்சனம் வீட்டுக்குப் போய்விட்டது. அவருடைய எழுதுவினைஞர் தன் தங்கைக்கு எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. இதை வாசித்த நாளிலிருந்து எனக்கு அவரில் ஒரே பிடிப்பு.

நான் கனடாவுக்கு அகதியாக வந்து, முதல் மூன்று வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினேன். அதைப்பற்றி எழுதிக் கண்ணீர் வரவழைக்க எனக்கு விருப்பமில்லை. கோப்பைகள் கழுவப்பட்டன, சம்பளம் வந்தது. பிறகு காப்பகத்தில் பெட்டி தூக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே நேர்முகத்துக்கு இருந்தவர் வசந்தி. சென்னைக்காரர், இங்கே வந்து படித்து, நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு அப்பார்ட்மென்டில் தனியாக இருந்தவர். என்னைவிட மூன்று வயது இளையவர். என்னைச் 'சார்' என்று கூப்பிட்டார். வயதில் மூத்த ஆணை அப்படிக் கூப்பிடுவது அவருடைய ஊர்ப் பழக்கம். நான் அவரை 'மிஸ்' என்று கூப்பிட்டேன். ஆசிரியையை அப்படிக் கூப்பிடுவது என்னுடைய ஊர்ப் பழக்கம். இருபது வருடம் நாங்கள் இப்படியே ஒருவரையொருவர் மரியாதையால் அடித்துக்கொண்டோம்.

மேசையில் நாலாக மடித்த ஒரு பழைய கடிதத்தை வைத்து, "இத பிரிச்சுக் காட்டுங்க சார்" என்றார். அப்பளம் மாதிரி இருந்தது. பழைய காஞ்சிபுரத்துப் பட்டின் மடிப்பை எடுக்கிறமாதிரி, மடிப்பின் உள்ளே விரலைக் கொடுத்து, இழுக்காமல் தானாகத் திறக்கவிட்டேன். ஒரு கீறல் இல்லை. அந்த இடத்திலேயே வேலை தந்துவிட்டார், ஆறு மாதத் தவணையில். அதற்குப் பிறகு மற்றத் தாளைப் புரட்டுவதற்கு நான் விரலை நாக்கில் தொட்டதைக் கண்டு, "ஐயோ, சார்!" என்று கத்திய கத்தலில் மேல்மாடியில் இருந்த டிரெக்டரே இறங்கி வந்தார். பத்து வருடத்துக் கடைப்பழக்கம், நாக்குக்குக் காப்பகம் தெரியவில்லை.

வேலை முறைகள் எனக்குப் பிடித்திருந்தன. அந்த அறைக்குள் பேனா கிடையாது, பென்சில் மட்டும். கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் தாளைத் தொடவேண்டும். துருப்பிடித்த குண்டூசியை இழுக்கக்கூடாது. தாளுக்கும் ஊசிக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக்கைச் செருகி, ஊசியை மெல்லத் தளர்த்தி, தாளை ஊசியிலிருந்து எடுக்கவேண்டும். வசந்தி மிஸ் ஒருபோதும் சத்தம் போட்டுக் கோபிக்கமாட்டார். முதல்நாள் கத்தியதுதான் முதலும் கடைசியும். கோபம் வந்தால் பென்சில் சீவுவார். ஒரு பென்சில் சீவினால் சின்னக் கோபம். மூன்று சீவினால் நான் பெட்டி எடுக்கப் போகிறேன் என்று களஞ்சியத்துக்குள் மறைந்துவிடுவேன்.

இப்போது என் நிலைமையைச் சொல்லவேண்டும். மலரைக் கலியாணம் முடித்து ஏழாம் மாதம் நான் நாட்டைவிட்டு வெளிக்கிட்டவன். அவளை இங்கே கூப்பிடுவதற்கு எழுதிக்கொடுத்த விண்ணப்பத்தில் ஒரு கூத்து நடந்தது. ஓர் அலுவலகத்தில், என் பெயரும் பிறந்த ஆண்டும் கொண்ட இன்னொரு குணரத்தினத்தின் தாள் என் கோப்புக்குள் ஏறிவிட்டது. அந்தக் குணரத்தினத்துக்கு மட்டக்களப்பில் ஒரு மனைவியும் மூன்று பிள்ளைகளும். எனக்கு அப்படி ஒரு குடும்பம் இல்லை என்று நிரூபிக்க ஒன்றரை வருடம் போயிற்று. இல்லாத ஒன்றை இல்லையென்று எப்படிக் காட்டுவது? மலர் வேறு, "உண்மையைச் சொல்லுங்கோ, ஆர் அவள்?" என்று ஒரு கடிதம் போட்டாள். கடைசியில் அது தீர்ந்தது. ஆனால் என் வழக்கைப் பார்த்த சட்டத்தரணி, "நிரந்தர வேலைக் கடிதம் ஒன்று கொண்டு வா, இல்லாவிட்டால் இன்னும் இழுபடும்" என்று சொல்லிவிட்டார். அந்தக் கடிதம் டிரெக்டரின் கையில் இருந்தது. என்னுடைய ஆறு மாதம் மாசிக் கடைசியில் முடிகிறது. நாலு வருடமாக ஒருத்தி காத்திருந்தாள், அவள் வருவது அந்த ஒரு தாளில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்படியான நேரத்தில், தை மாத நடுவில், மிஸ் தங்கையின் கலியாணத்துக்குச் சென்னைக்குப் போனார். போகும்போது, முதலாளியின் ஒன்பதாம் பெட்டியை என்னிடம் தந்து, "லிஸ்ட் மட்டும் எடுங்க சார். எத்தன தாள், என்ன அளவு. அவ்வளவுதான்" என்றார்.

பெட்டியைத் திறந்தால், பதினொரு கட்டுகள். முதலாளி தன் கடையில் மிஞ்சிய துணிக்கீற்றுகளால் கட்டியிருந்தார். ஒன்று சிவப்புக் கம்பளித்துணி, ஒன்று நீலக்கட்டம், ஒன்று பழுப்பு. ஒவ்வொரு கட்டுக்குள்ளும் பெரிய கடிதம் ஒன்று, கூடச் சின்னச் சின்னத் துண்டுத்தாள்கள். ஒன்றும் திகதி ஒழுங்கில் இல்லை. சின்னது மேலே, பெரியது கீழே, சிலது தலைகீழ். எனக்குக் கை துருதுருத்தது. எவ்வளவு பெரிய முதலாளி, அவருடைய பெட்டி இப்படிக் குப்பையாகவா இருப்பது? இரண்டு வாரம் இருந்து அவ்வளவையும் அவிழ்த்தேன். தாள்களைக் கோத்திருந்த குண்டூசிகளை முறைப்படி எடுத்து ஒரு தீப்பெட்டிக்குள் போட்டேன். துணிக்கீற்றுகளைச் சுருட்டி பிஸ்கட் டின்னுக்குள் அடுக்கினேன். கடிதங்களைத் திகதிப்படி வைத்தேன். துண்டுத்தாள்களில் திகதி இல்லாதபடியால் அவற்றை அளவுப்படி அடுக்கினேன், பெரியது கீழே, சின்னது மேலே, நாலு பக்கமும் ஒரு நேர்கோடு. மொத்தம் அறுபத்துமூன்று. பெட்டியைப் பார்க்கப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

மிஸ் வருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, நேரம் மிஞ்சியதால், அகராதியை வைத்துக்கொண்டு துண்டுத்தாள்களை வாசிக்கத் தொடங்கினேன். 'நீங்கள் விசாரித்த நபர் குடிக்கமாட்டார். மனைவி புத்திசாலி.' அடுத்தது: 'கேட்ட ஆளைப்பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.' அடுத்தது: 'இன்னார் வாக்குத் தவறாதவர், ஆனால் கோபக்காரர்.' எந்தத் தாளிலும் பெயர் இல்லை. எழுதியவர் பெயரும் இல்லை, எழுதப்பட்டவர் பெயரும் இல்லை.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஊரில் மாப்பிள்ளையைப்பற்றி விசாரித்து எழுதுகிறவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள். 'நீங்கள் கேட்ட இடம் பரவாயில்லை' என்று இருக்கும். கடிதம் யார் கையில் அகப்பட்டாலும் வம்பில்லை. முதலாளி ஒருவனுக்குக் கடன் கொடுக்குமுன் அவனுடைய அயலில் நாலைந்து பேரிடம் இரகசியமாக விசாரித்திருக்கிறார். வந்த பதில்களைக் கடன் கேட்டவனின் கடிதத்தோடு சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறார். எந்தத் தாள் யாரைப்பற்றியது என்பதைச் சொன்னது அந்தக் கட்டு மட்டும்தான். அந்தக் கட்டைத்தான் நான் அவிழ்த்து, அழகாகச் சுருட்டி, பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருந்தேன்.

கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கோட்-டெ-நேஜில் நாங்கள் ஐந்து பேர் ஒரு வீட்டில் இருந்தோம். அதில் சிவம் அண்ணைக்கு லொங்கேயில் ஒரு சாமான் களஞ்சியத்தில் வேலை. அன்றைக்குப் பின்னேரம் சமைத்துக்கொண்டு நிற்கும்போது அவரிடம் சொன்னேன்.

"உதுக்கே உந்தப் பாடு?" என்றார். "ஆள் செத்து நூறு வருசம். கடன் வாங்கினவன் செத்தான், குடுத்தவன் செத்தான். ஏதோ ஒரு மாதிரிக் கட்டி வச்சிட்டு வாயை மூடிக்கொண்டு இரு. ஆருக்குத் தெரியப்போகுது?"

"ஒருத்தருக்கும் தெரியாது அண்ணை. அதுதான் பயமாக் கிடக்கு."

"உன்ரை பெஞ்சாதி வரவேணுமோ வேண்டாமோ?"

வெங்காயம் அடிப்பிடித்ததுதான் மிச்சம்.

மிஸ் திரும்பி வந்த நாள் காலை, சென்னையிலிருந்து கொண்டுவந்த மைசூர்பாகை என் மேசையில் வைத்தார். அதைத் தொடாமல் எழுந்து நின்று, "மிஸ், நான் ஒரு பெரிய பிழை விட்டிட்டன். கட்டுகளை அவிட்டுப் போட்டன்" என்றேன்.

"எத்தன கட்டு?"

"எல்லாம். பதினொண்டும்."

பெட்டியைத் திறந்து பார்த்தார். நாலு பக்கமும் நேர்கோடாக இருந்த என் அடுக்கைப் பார்த்தார். மூடினார். இருக்கையில் உட்கார்ந்து பென்சில் சீவத் தொடங்கினார். ஒன்று. இரண்டு. மூன்று. நான் களஞ்சியத்துக்குள் ஓடவில்லை. ஏழு பென்சில்கள் சீவினார். அந்தக் கட்டடத்தில் அதற்குமேல் பென்சில் இருக்கவில்லை. பிறகு அதில் ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"உக்காருங்க சார். என்ன பண்ணீங்கன்னு வரிசையா எழுதுங்க. மொதல்ல எந்தக் கட்டு, அப்புறம் எது. ஏன் பண்ணீங்கன்னு எழுத வேணாம். மன்னிப்பு எல்லாம் வேணாம்."

"என்ரை இங்கிலீசு காணாது மிஸ்."

"தமிழ்ல எழுதுங்க. கீழ நான் மொழிபெயர்த்து வெக்கறேன். இந்தத் தாள் பெட்டிக்குள்ளயே இருக்கும். எப்பவும்."

"டிரெக்டரும் பாப்பாரோ?"

"யார் பெட்டிய திறந்தாலும் பாப்பாங்க."

எழுதினேன். என் கையாலேயே என் வேலைக்கு உலை வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு எழுதினேன். அனுஷா கண்டெடுத்த தாள் இதுதான். எழுதி முடித்துக் கையொப்பமிட்டபோது அவமானத்தில் காது இரண்டும் சுட்டது. மிஸ் அதை வாசித்து, "கையெழுத்து நல்லா இருக்கு" என்றார். பிறகு மைசூர்பாகை வெளியே கொண்டுபோய்ச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு வரச் சொன்னார். வேலை தொடங்கியது.

மாசிக் கடைசிக்கு மூன்று வாரமும் சில நாளும் இருந்தன. கடன் கேட்டவர்களின் பதினொரு கடிதங்களில் பெயர் இருந்ததால், அவற்றை நீள மேசையில் வரிசையாக வைத்தோம். அறுபத்துமூன்று அனாதைத் தாள்களுக்கும் அவற்றில் வீடு தேடவேண்டும். முதலில் உதவியது என் பழைய தொழில். துணிக்கீற்று இறுக்கிய இடத்தில் தாளில் சாயம் ஊறியிருந்தது. மிஸ்ஸுக்குச் சிவப்பு எல்லாம் சிவப்புத்தான். எனக்கு அப்படியில்லை. "இது கம்பளியிலை ஊறின சிவப்பு மிஸ், ஓரம் மங்கிக் கிடக்கு. இது பருத்தி, ஓரம் வெட்டினமாதிரி நிக்குது" என்றேன். நீலத்திலும் அப்படியே, ஒன்று அவுரி, மற்றது மட்டமான சாயம். அவர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து பார்த்து, "சார், இத நான் எந்தப் புஸ்தகத்துலயும் படிச்சதில்ல" என்றார். பெட்டியைத் திறந்து பார்த்த நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைக் கண்டேன்.

சாயம் படாத உள்தாள்களுக்கு ஊசித்துளை. எங்கள் அறை நிலத்துக்குக் கீழே; சுவரின் உச்சியில் ஒரு சின்ன யன்னல், அதில் தெருவில் போகிறவர்களின் சப்பாத்துகள் மட்டும் தெரியும். அந்த வெளிச்சத்துக்கு நேரே இரண்டு தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பிடிக்கவேண்டும். இரண்டு துளைகளினூடாகவும் வெளிச்சம் வந்தால், அவை ஒரே ஊசியில் இருந்தவை. துருக்கறையும் பொருந்தவேண்டும். இப்படி ஒவ்வொரு சோடியாகப் பிடித்துப் பார்த்ததில் கழுத்துச் சுளுக்கி, மிஸ் ஒரு பக்கமும் நான் மற்றப் பக்கமுமாகத் தலையைச் சரித்துக்கொண்டு திரிந்தோம். ஒரு கட்டை முழுக்க மீட்டுத் தந்தது ஓர் எலி. எந்தக் காலத்திலோ அந்தக் கட்டின் மூலையைக் கடித்திருக்கிறது. மேல்தாளில் பெரிய பிறை, அடுத்ததில் கொஞ்சம் சின்னது, ஏழாம் தாளில் பல்லின் அடையாளம் மட்டும். வரிசை எண் போட்டுக் கொடுத்த மாதிரி.

வேலை நகர நகர முதலாளியும் தெரிய வந்தார். கடன் கொடுத்தாரா இல்லையா என்பதைக் கேட்டவனின் கடிதத்தின் வெளிமடிப்பில் ஒரே சொல்லில் எழுதியிருந்தார். ஆனால் அயலவர் சொன்னதைக் கேட்டு அவர் ஆடவில்லை. நாலு பேர் புகழ்ந்த ஒருவனுக்கு 'இல்லை'. நாலு பேரும் கரித்துக்கொட்டிய ஒரு செருப்புத் தைப்பவனுக்கு 'கொடுக்கவும்'. தும்புத்தடி விற்ற காலத்தில் வாசல் வாசலாக ஏறியவர், முகம் பார்க்கத் தெரிந்தவர் என்று நினைக்கிறேன்.

கடைசி வாரம் வியாழக்கிழமை அறுபத்தொரு தாள்கள் வீடு சேர்ந்துவிட்டன. இரண்டு மிஞ்சின. இரண்டிலும் சாயம் இல்லை, துளை இல்லை, மடிப்பு ஒரே மாதிரி. ஒன்றில், 'நேர்மையான ஆள், தயங்காமல் கொடுக்கலாம்.' மற்றதில், 'இந்த ஆளுக்கு ஒரு தும்புத்தடிகூடக் கடனாகக் கொடுக்காதீர்கள்.' முதலாளி ஒவ்வொரு கடிதத்தின் வெளிமடிப்பிலும் இத்தனை பதில் வந்தது என்று குறித்திருந்தபடியால், எந்த இரண்டு கட்டுகளில் ஒவ்வொரு தாள் குறைகிறது என்பது தெரிந்தது. ஒன்று பாண் ரொட்டி சுட்டு விற்ற ஒரு விதவையினுடையது. அவருக்குக் கடன் கிடைத்திருந்தது. மற்றது கயிறு திரிப்பவன் ஒருவனுடையது. அவனுக்கு இல்லையென்று எழுதியிருந்தது.

மறுநாள் வெள்ளி. டிரெக்டர் பெட்டியைப் பார்க்க வருகிறார். பார்த்துவிட்டுத்தான் என் கடிதத்தைத் தீர்மானிப்பார்.

மிஸ் இரண்டு தாள்களையும் பக்கம் பக்கமாக வைத்தார். பிறகு எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்.

"ரெண்டுதானே சார். நல்லது அந்தம்மாவுக்கு, கெட்டது அந்தாளுக்கு. போட்டுடலாம். பொருத்தமாத்தான் இருக்கு."

ஏழு பென்சில் சீவிய மனுஷி சொல்கிறார். என்னால் நம்ப முடியவில்லை.

"முழுசா முடிஞ்சுதுன்னா டிரெக்டர் ஒண்ணும் கேக்கமாட்டார்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "உங்க வைஃப் வரணும் இல்லையா? நானும் யோசிச்சுப் பாத்துட்டேன். வேற வழி தெரியல."

தன் தொழில்மேல் அவ்வளவு பக்தியாக இருக்கிற ஒருவர், மலருக்காக அதை ஒரு முழம் விட்டுக்கொடுக்கத் துணிந்திருக்கிறார். கையை நீட்டித் தாள்களை எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், போடத்தான் எடுத்தேன். கெட்ட தாளைக் கயிற்றுக்காரனின் கட்டுக்குள் பாதி நுழைத்தும்விட்டேன்.

அப்போது எனக்கு மட்டக்களப்புக் குணரத்தினம் நினைவுக்கு வந்தான். நான் பார்த்தேயிராத அந்த மனிதனின் தாளை என் கோப்புக்குள் வைத்தவரும், பொருத்தமாக இருக்கிறது என்றுதான் வைத்திருப்பார். கெட்ட மனம் இருந்திராது. வெள்ளிக்கிழமையாக இருந்திருக்கும், வேலை முடியவேண்டியிருந்திருக்கும்.

"மிஸ், இந்தக் கெட்ட கதை அந்த விதவை மனுசியைப் பற்றினதா இருந்தா? அயல் முழுக்கக் குடுக்காதேங்கோ எண்டு சொல்லியும் முதலாளி குடுத்திருப்பார். செருப்புத் தைக்கிறவனுக்கும் அப்பிடித்தானே குடுத்தவர்? அப்ப நாங்கள் முதலாளியின்ரை நல்ல குணத்தையும் அழிச்சு, கயிறு திரிச்ச பாவிக்கும் ஒரு பழியைச் சுமத்திவிடுறம்."

"அப்போ?"

"எனக்குத் தெரியாது. தெரியாதெண்டே எழுதுவம்."

மிஸ் இரண்டு தாள்களுக்கும் தனி உறை ஒன்று எடுத்துத் தந்தார். உறையின்மேல், எந்தக் கட்டுக்குரியவை என்று தெரியாது, காரணம் பெட்டியில் உள்ள குறிப்பில், என்று நான் தமிழில் எழுத, அவர் கீழே பிரெஞ்சில் எழுதினார்.

வெள்ளிக்கிழமை டிரெக்டர் வந்தார். பெரிய மீசை, சின்னக் கண்ணாடி. சிரிக்கிற பகிடியென்றால் ஆங்கிலம், காரியமென்றால் பிரெஞ்சு. அன்றைக்குப் பிரெஞ்சு. பதினொரு கட்டுகளையும் பார்த்துத் தலையாட்டினார். உறையை எடுத்தார். இவை யாரைப் பற்றியவை, என்று கேட்டார்.

எனக்குப் பிரெஞ்சு வகுப்பில் முதன்முதல் பிழையில்லாமல் வந்த வசனம் ஒன்றுதான். அதையே சொன்னேன். "ஜு நு சே பா, மொசியு." எனக்குத் தெரியாது, ஐயா.

அவர் என்னைப் பார்த்தார். பெட்டிக்குள் இருந்த என் குறிப்பை எடுத்து, தமிழ் எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கீழே மிஸ் எழுதியதை நின்றபடியே கடைசிவரை வாசித்தார். பிறகு தலையை உயர்த்தி, அறை முழுக்கக் கூரைவரை அடுக்கியிருந்த மற்றப் பெட்டிகளைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகத்தில் ஒரு கலவரம் வந்தது. மிஸ்ஸிடம் ஏதோ கேட்டார். மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்குத் தமிழில் சொன்னார்:

"முப்பது வருஷமா இந்தக் கட்டடத்துல எத்தனையோ பேர் வேலை பண்ணியிருக்காங்களாம். பண்ண தப்ப எழுதி வெச்ச பெட்டி இது ஒண்ணுதானாம். அப்போ மத்த பெட்டியில எல்லாம் என்ன நடந்திருக்கும்னு கேக்கறார்."

அடுத்த மாதத்திலிருந்து, செய்த பிழையைப் பெட்டிக்குள் எழுதிவைப்பது எல்லாருக்கும் கட்டாயமானது. மேல்மாடியில் இருந்த பழைய ஆட்கள் ஆறு மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அந்த இரண்டு தாள்களும் இன்றைக்கும் தெரியாத தாள்கள்தான்.

திங்கட்கிழமை காலை, என் மேசையில் கடிதம் இருந்தது. நிரந்தரம். மிஸ்ஸிடம் ஒரு மணித்தியாலம் கேட்டுக்கொண்டு, கோட்டுக்குப் பொத்தான்கூடப் போடாமல், பனிக்குள்ளால் தெருமுனையில் இருந்த தெப்பனர் பெட்டிக்கடைக்கு ஓடினேன். தொலைபேசி அட்டை ஒன்று வாங்கி, மெற்றோ வாசலில் இருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு எடுத்தேன். அங்கே அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். பக்கத்து வீட்டுக்காரர் போய் மலரைக் கூட்டிவந்தார்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டு, பிழை, கடிதம், எல்லாம். அவளுக்குப் பாதி விளங்கியிராது. அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப நான் எப்பயப்பா வாறது?"

நாலு வருடமாக, எடுத்த ஒவ்வொரு தடவையும், இந்தக் கேள்விக்கு நான் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன். வாற மாசம். எல்லாம் சரிவந்திட்டுது, வாற மாசம் வந்திடுவாய். அவள் ஓம் என்பாள். அன்றைக்கும் வாயில் அதுதான் வந்தது. கடித்து விழுங்கினேன்.

"தெரியாது மலர்" என்றேன். "கடிதம் கிடைச்சிட்டுது. ஆனா எப்ப எண்டு எனக்குத் தெரியாது."

கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன். பிறகு மறுபக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இண்டைக்குத்தான் நீங்கள் சொன்னதை நான் நம்புறன்" என்றாள். "இனிப் பயணத்துக்கு உடுப்புத் தைக்கக் குடுக்கலாம்."

அடுத்த வருடம் வைகாசியில், மூன்று புதுச் சட்டைகளோடு வந்து இறங்கினாள்.